அரை மில்லிமீட்டரும் பூக்காரம்மா முழமும்

உங்க பர்ஸில் இருக்கிற ஏடிஎம் கார்டை வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்க. தடிமன் 0.76 மில்லிமீட்டர். எந்த வங்கி கொடுத்தாலும், எந்த நாட்டில் அடிச்சாலும் அதே அளவுதான். சர்வதேசத் தரம் அப்படி.

இப்ப கண்ணுக்கு வருவோம். கருவிழிக்கு மேல, கைக்கடிகாரத்தைக் கண்ணாடி மூடியிருக்கிற மாதிரி, ஒளி ஊடுருவும் படலம் ஒண்ணு இருக்கு. கார்னியா. அது இந்தக் கார்டைவிட மெலிசு. நடுவில் சராசரியா 0.54 மில்லிமீட்டர், அதாவது 540 மைக்ரான். ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். ஆளுக்கு ஆள் மாறும். 480ம் உண்டு, 600ம் உண்டு.

கார்டை அளக்க ஒரு வெர்னியர் போதும் (பிசிக்ஸ் லேப் ஞாபகம் வருதா?). கார்னியாவை அளக்க மட்டும் 140 வருஷத்துக்கும் மேலா கருவி மேல கருவியா செஞ்சுக்கிட்டே இருக்காங்க. காரணம் ரொம்ப எளிமை. நமக்கு எட்டுறது முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் கண்ணுக்குள்ள இருக்கு. வெர்னியரோட ரெண்டு தாடையில் ஒண்ணை உள்ளே விட முடியாதே!

அதனால எந்தக் கருவியும் தடிமனை நேரடியா அளக்கிறதில்லை. வேற எதையோ அளக்குது. அப்புறம் உள்ளே ஹார்ட்-கோட் பண்ணி வச்சிருக்கிற ஒரு மாறிலியை வச்சுக் கணக்குப் போட்டு, "இதுதான் தடிமன்"னு ஒரு எண்ணைக் கொடுக்குது. பொட்டி தட்டிப் பிழைக்கிற எனக்கு இந்த வரலாறு பிடிச்சுப் போனதே இந்த மாறிலிகளால்தான். கருவிக்குக் கருவி அது வேற. மல்லிப்பூ வாங்கும்போது பூக்காரம்மா கை முழமும் நம்ம கை முழமும் ஒண்ணா இருக்கா? இங்கேயும் அதே கதைதான். பூவில் நாலு விரற்கடை குறைஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது. இது கண்ணாச்சே.

செத்த கண், உயிருள்ள கண்

ஆரம்பத்தில் இறந்தவர்களின் கண்ணில்தான் அளந்தாங்க. அதில் ஒரு பெரிய சிக்கல். கார்னியாவின் உட்புறத்தில் எண்டோதீலியம்னு ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கு. ராப்பகலா தண்ணியை வெளியே இறைச்சுக்கிட்டே இருக்கிறதுதான் அதுங்க வேலை. உயிர் போனதும் மோட்டார் நின்ன மாதிரி. கார்னியா தண்ணியை உறிஞ்சி ஊதிடும். அதனால அந்த அளவுகள் நிஜத்தைவிடத் தடிமனாகவே வந்தன.

உயிரோட இருக்கிற மனுஷன் கண்ணில் முதலில் ஒழுங்கா அளந்தவர் மாக்னுஸ் பிளிக்ஸ். ஸ்வீடன் உடலியல் அறிஞர். வருஷம் 1880. தோலில் சூட்டை உணர்ற புள்ளி தனி, குளிரை உணர்ற புள்ளி தனின்னு கண்டுபிடிச்சாரே, அதே ஆள்தான். கார்னியாவின் முன்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையும் பின்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையும் தனித்தனியா ஃபோகஸ் பண்ணி, ரெண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எடுத்தார்.

முதல் ஹார்ட்-கோட் மாறிலி இங்கேதான் உள்ளே வருது. தண்ணித் தொட்டியில் தரை மேல எழும்பித் தெரியுதே, அந்த மாதிரி கார்னியாவுக்குள் பார்க்கும்போது பின்பரப்பு கிட்டத்தில் தெரியும். கண்ணில் படுறது தோற்றத் தடிமன்தான். நிஜத் தடிமன் வேணும்னா கார்னியாவின் ஒளிவிலகல் எண் தெரியணும். வழக்கமாப் போடுறது 1.376. இன்னொரு ஸ்வீடன்காரரான ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் (1911 மருத்துவ நோபல்) உருவாக்கின மாதிரிக் கண்ணில் இருக்கிற எண்ணும் இதுவே. அந்த மாதிரிக் கண்ணில் கார்னியாவின் தடிமன் கச்சிதமா 0.5 மில்லிமீட்டர். சராசரியை உருண்டையா ஆக்கி வச்சது. அந்த உருண்டை எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னால அதோட வேலை இருக்கு.

ரெண்டு கண்ணாடித் தகடு

கண் டாக்டர்கிட்ட போனா தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிசாக் கோடு மாதிரி வெளிச்சம் அடிச்சுப் பார்ப்பாங்களே, அதுதான் ஸ்லிட் லேம்ப். குல்ஸ்ட்ராண்டோட கைங்கரியம். அந்த வெளிச்சம் சாய்வா விழும்போது கார்னியா கத்தியால் சீவின ஒரு துண்டு மாதிரி தெரியும். அந்தத் துண்டோட அகலத்தை அளந்தா போச்சு.

1948ல் ஸ்வீடனின் ஃபான் பார், 1951ல் மாரிஸ், ஜியார்தினி, 1952ல் ஜெர்மனியின் யேகர்னு வரிசையாப் பலர் இதுக்குக் கருவி செஞ்சாங்க. அதில் நிலைச்சது யேகர் முறை. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு கண்ணாடித் தகடு. கீழ்த் தகடு அசையாது, மேல் தகடு சுழலும். சுழற்றினா பிம்பத்தின் மேல்பாதி மட்டும் நகரும். ஒரு பாதியில் தெரியும் கார்னியாவின் முன்விளிம்பும் மறுபாதியில் தெரியும் பின்விளிம்பும் நேராச் சேரும் வரைக்கும் சுழற்றி, எத்தனை டிகிரின்னு படிக்கணும். பழைய ஃபிலிம் கேமராவில் ரெண்டாப் பிளந்த பிம்பத்தைச் சேர்த்து ஃபோகஸ் பண்ணுவாங்களே, ஏறக்குறைய அதே நுட்பம்.

அழகான யோசனைதான். ஆனா "சேர்ந்துடுச்சு"ன்னு முடிவு பண்றது யார்? பார்க்கிறவர். ஒருத்தருக்கு விளிம்பும் விளிம்பும் தொட்டா சேர்ந்த மாதிரி, இன்னொருத்தருக்குக் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தாத்தான் சேர்ந்த மாதிரி. நோயாளி லேசாப் பார்வையை நகர்த்தினாலும் போச்சு. 1968ல் மிஷிமாவும் ஹெட்பிஸும் இதில் சின்ன விளக்குகளைச் சேர்த்து, அதோட பிரதிபலிப்பு சரியான இடத்தில் விழுந்தாத்தான் கருவி கார்னியாவுக்குச் செங்குத்தா இருக்குன்னு தெரியற மாதிரி பண்ணினாங்க. தவறு நிறையவே குறைஞ்சது.

இதே காலத்தில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. 1965ல் மாண்டெல், ஃபாட் இருவரும் தூங்கி எழுந்தவுடன் கார்னியா தடிமனா இருந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மெலியுதுன்னு காட்டினாங்க. கண் மூடியிருக்கும்போது கார்னியாவுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் குறைஞ்சுடும், லேசா வீங்கும். மூணு, நாலு சதவீதம் வரைக்கும்னு வச்சுக்கிட்டா, 540ல் சுமார் 20 மைக்ரான். ஆக, கருவியை மட்டும் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அளக்கிற பொருளே காலையில் ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு!

கத்திக்கு அளவு வேணும்

அது வரைக்கும் பத்து இருபது மைக்ரான் வித்தியாசத்தைப் பத்தி யாரும் பெரிசா அலட்டிக்கலை. நிலைமையை மாத்தினது கத்தி.

1970களில் மாஸ்கோவில் ஸ்வியாதோஸ்லாவ் ஃபியோதரோவ் கிட்டப்பார்வைக்கு ஒரு அறுவை சிகிச்சையைப் பிரபலப்படுத்தினார். ரேடியல் கெரடாட்டமி. கார்னியாவில் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி ஆரக்கீறல்கள் போட்டு அதைத் தட்டையாக்குறது. 1978ல் அமெரிக்காவுக்கும் போனது. கீறல் ஆழமா இருந்தாத்தான் பலன். தடிமனில் சுமார் 90 சதவீதம் வரை போகணும். கணக்குப் போடுங்க. 540 மைக்ரானில் மிச்சம் விடுறது 54. அளவு 30 மைக்ரான் பிசகினா அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல காலி. இன்னும் கொஞ்சம் பிசகினா கத்தி கண்ணுக்குள்ளேயே இறங்கிடும்.

பார்க்கிறவர் கண் அளவை நம்பி இதைச் செய்ய முடியாது. அல்ட்ராசவுண்ட் உள்ளே வந்தது இப்படித்தான். பேனா மாதிரி ஒரு கருவி. மரப்புச் சொட்டு விட்டு, அதன் முனையைக் கார்னியாவில் தொட வைப்பாங்க. சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் ஒலி உள்ளே போய், முன்பரப்பில் ஒரு எதிரொலி, பின்பரப்பில் ஒரு எதிரொலி. ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்னு கருவி பார்க்கும். 540 மைக்ரானுக்கு அந்த நேரம் ஒரு மைக்ரோ செகண்டில் மூணில் ரெண்டு பங்கு.

கவனிச்சீங்களா? இது அளக்கிறது நேரத்தை. தூரமா மாத்த கார்னியாவில் ஒலியின் வேகம் வேணும். வழக்கமாப் போடுறது நொடிக்கு 1640 மீட்டர். இதுதான் ரெண்டாவது மாறிலி. ஒருத்தர் 1640க்குப் பதிலா 1550ன்னு வச்சிருந்தா, அதே கண், அதே எதிரொலி, ஆனா 540க்குப் பதில் 510ன்னு காட்டும். திரையில் எண் மட்டும்தான் தெரியும், மாறிலி தெரியாது. முனையை நடுவை விட்டு விலக்கி வச்சாலோ சாய்ச்சு வச்சாலோ எண் கூடும். அதனாலதான் பல தடவை தொட்டு அளப்பாங்க.

அமெரிக்காவில் இந்த அறுவையை ஆராய 1980களின் தொடக்கத்தில் பெர்க்னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அறுவை மேசையிலேயே அல்ட்ராசவுண்டில் நாலு இடத்தில் அளந்து, அதில் மிகக் குறைஞ்ச அளவுக்கு வைரக்கத்தியை வச்சாங்க. அவ்வளவு ஜாக்கிரதை. அப்படியும் 1994ல் வந்த பத்து வருஷ முடிவில், 43 சதவீதக் கண்கள் தூரப்பார்வைப் பக்கம் ஒரு டயாப்டரோ அதுக்கு மேலயோ நகர்ந்திருந்தன. அளவு சரியா இருந்தும், கீறின கார்னியா பல வருஷம் மெல்ல இளகிக்கிட்டே இருந்திருக்கு. அந்த அறுவை மெல்ல வழக்கொழிஞ்சது. அது கொண்டு வந்த அல்ட்ராசவுண்ட் மட்டும் கண் மருத்துவமனைகளில் தங்கிடுச்சு.

ஒரு உருண்டை எண்ணின் விலை

முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, உருண்டை எண், இப்ப அதுக்கு வருவோம்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடினா பார்வை நரம்பு சேதமாகி குளுக்கோமா வரலாம். போன பார்வை திரும்பாது. அழுத்தத்தை அளக்க 1950களில் ஸ்விட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மான் ஒரு கருவி செஞ்சார். கார்னியாவில் 3.06 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவைன்னு அது பார்க்கும். டயரை அமுக்கிக் காத்து பார்க்கிற மாதிரிதான். ஆனா டயர் ரப்பர் தடியா இருந்தா, காத்து கம்மியா இருந்தாலும் கெட்டியாத் தெரியும். மெலிசா இருந்தா நேர் எதிர். கோல்ட்மானுக்கு இது தெரியாம இல்லை. எல்லார் கார்னியாவும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், பெரிய வித்தியாசம் அபூர்வம்னு எடுத்துக்கிட்டு கருவியை வடிவமைச்சார். அதாவது மூணாவது மாறிலி, இந்தத் தடவை தடிமனே மாறிலி!

1975ல் டென்மார்க்கின் நீல்ஸ் ஏலர்ஸும் சகாக்களும் இதைச் சோதிச்சாங்க. அறுவைக்கு வந்த 29 கண்களில் மெல்லிய குழாயை உள்ளே விட்டு நிஜ அழுத்தத்தையே நிர்ணயிச்சு, மேலே கோல்ட்மான் கருவி என்ன சொல்லுதுன்னு பார்த்தாங்க. தடிமன் 520 மைக்ரானை ஒட்டி இருந்தா கருவி சரியாச் சொன்னது. மெலிசான கார்னியாவில் குறைச்சும், தடிச்ச கார்னியாவில் கூட்டியும் சொன்னது. இவ்வளவு தெளிவா வந்தும் தினசரி மருத்துவத்தில் அது பெரிசா ஏறலை. கால் நூற்றாண்டு போச்சு.

1994ல் அமெரிக்காவில் ஆரம்பிச்ச ஓ.எச்.டி.எஸ். ஆய்வில், அழுத்தம் அதிகம் ஆனா சேதம் இன்னும் இல்லைன்னு இருந்த 1636 பேரைச் சேர்த்தாங்க. முதல் திட்டத்தில் கார்னியாத் தடிமன் கிடையாது. நடுவில்தான் சேர்த்தாங்க. 2002ல் முடிவு வந்தப்ப அதுதான் தலைப்புச் செய்தி. 555 மைக்ரானோ அதுக்குக் கீழேயோ இருந்தவங்களுக்கு, 588க்கு மேல இருந்தவங்களைவிட குளுக்கோமா வரும் ஆபத்து மூணு மடங்கு. அந்த ஆய்வில் கறுப்பின மக்களின் சராசரி 556ஐ ஒட்டியும், மத்தவங்களோடது 579ஐ ஒட்டியும் இருந்தது. குளுக்கோமாவால் அதிகம் பாதிக்கப்படுற மக்களுக்கே, கருவி அழுத்தத்தைக் குறைச்சுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு!

இது நமக்கும் தூரத்து விஷயம் இல்லை. சென்னை குளுக்கோமா ஆய்வும், மகாராஷ்டிரா கிராமங்களில் நடந்த மத்திய இந்தியக் கண் ஆய்வும் 2010ல் வெளியிட்ட தடிமன் அளவுகளில் சராசரி, நான் மேலே சொன்ன 540ஐவிடக் குறைவு. "அழுத்தம் 19தான், நார்மல்"னு எழுதியிருக்கிற ரிப்போர்ட்டில் தடிமனும் எழுதியிருந்தாத்தான் அந்த 19க்கு அர்த்தம். அதுக்காக "இத்தனை மைக்ரானுக்கு இத்தனை கூட்டு"ன்னு வாய்ப்பாடு போட்டுத் திருத்தவும் முடியாது. தனி ஒரு ஆளுக்கு அந்த வாய்ப்பாடு நம்பகமா வர்றதில்லை.

வான்கோழியும் லேசரும்

இந்தக் கதையில் ஒரு சென்னைக்காரர் வருவார்னு எதிர்பார்த்திருக்க மாட்டீங்க. ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிச்சுட்டு அமெரிக்கா போய் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பர் 27, அமெரிக்காவின் நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள். விருந்தில் மிஞ்சின வான்கோழியைக் கொண்டு வந்து, 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரில் காட்டினார். சுத்தி எதுவும் கருகாம, உளியால் செதுக்கின மாதிரி வெட்டு விழுந்தது. வின், பிளம்னு ரெண்டு சகாக்களும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்காளிகள். 1983ல் ஸ்டீஃபன் ட்ரோக்கெல் அதைக் கார்னியாவுக்குக் கொண்டு வந்தார். லேசிக்குக்கு விதை அதுதான். 2013ல் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம்.

இந்த லேசர் ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் சீவும். அவ்வளவு துல்லியம். ஆனா சீவ ஆரம்பிக்கிற முன்னாடி மொத்தம் எவ்வளவு இருக்குன்னு சொல்ற கருவிகளுக்குள் பத்து இருபது மைக்ரான் தகராறு. வேடிக்கையா இல்லை?

கணக்கு இதுதான்: எத்தனை டயாப்டரோ, அதை விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி மூணால வகுத்தா சீவ வேண்டிய மைக்ரான் (மன்னர்லின், 1988). மைனஸ் 8 பவர், 6 மில்லிமீட்டர் விட்டம்னா 96 மைக்ரான். அதுக்கு முன்னால மேலே ஒரு மூடி வெட்டணும். பழைய காலத்து மூடி 160ன்னு வைங்க. மூடிக்கு அடியில் குறைஞ்சது 250 மைக்ரான் மிஞ்சணும்னு அப்ப ஒரு விதி வச்சிருந்தாங்க. இல்லைன்னா கார்னியா பலவீனமாகி வருஷக் கணக்கில் முன்னால பிதுங்கலாம். 1998ல் சைலர் முதலில் எழுதின எக்டேசியா அதுதான்.

இப்ப ஒரு மெஷின் 500ன்னு சொன்னா, மிச்சம் 244. ஆபரேஷன் கூடாது. இன்னொரு மெஷின் அதே கண்ணை 520ன்னு சொன்னா, மிச்சம் 264. தாராளமாப் பண்ணலாம். அதே ஆள், அதே கண். ஒரே நாளில் ரெண்டு தீர்ப்பு. (இன்னிக்கு மூடி மெலிசு. டாக்டர்களும் இந்த ஒரு விதியை மட்டும் நம்பாம, கார்னியாவின் முன், பின் வளைவையும் சேர்த்தே பார்க்கிறாங்க.)

அப்ப யார் சொல்றதுதான் சரி?

1990களில் கண்ணைத் தொடாமலே அளக்கும் ஆர்ப்ஸ்கேன் வந்தது. ஒளிக்கோட்டை ஓட விட்டு முழுக் கார்னியாவையும் அளக்கும். ஆனா அல்ட்ராசவுண்டைவிட அதிகமாக் காட்டியது. என்ன பண்ணினாங்க? 0.92 ஆல் பெருக்கு! 587ன்னு வந்ததை 540 ஆக்கு! நம்ம கோடில் "ஏன்னு தெரியாது, இதை எடுத்தா உடையும்"னு கமெண்ட் போட்டு ஒரு மாய எண்ணை விட்டுட்டுப் போவோமே, அதேதான் :-) சாதாரணக் கண்ணுக்கு ஓரளவு ஒத்துப் போச்சு. லேசிக் பண்ணின கண்ணில் உள்ளதைவிடக் குறைச்சுக் காட்டியது.

அப்புறம் பென்டாகேம். ஆஸ்திரிய ராணுவ கேப்டன் தியோடர் ஷைம்ஃப்ளக் 1904ல் வான்வழிப் படங்களுக்காகக் காப்புரிமை வாங்கின சாய்வுக் கேமரா தத்துவம், நூறு வருஷம் கழிச்சு கண்ணுக்கு வந்தது. 1991ல் எம்.ஐ.டி.யில் ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ குழு வெளியிட்ட ஓ.சி.டி., எதிரொலிக்குப் பதிலா ஒளியின் குறுக்கீட்டை வச்சு அடுக்கடுக்காப் படம் எடுக்கும். கார்னியாவின் மேல்தோல் சுமார் 50 மைக்ரான்தான், அதைக்கூடத் தனியா அளக்கும். ரெண்டும் தொடாதவை, அளப்பவர் கைப்பழக்கத்தை அதிகம் சாராதவை. இவற்றின் உள்ளேயும் ஒளிவிலகல் எண் உட்கார்ந்திருக்கு, மறக்க வேண்டாம்.

புது மெஷின் வந்தா பழசோட ஒப்பிட்டு, "ஒட்டுறவு 0.95, பிரமாதம்"னு சொல்றது ஒரு காலத்தில் வழக்கம். 1986ல் மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் லான்செட் இதழில் எழுதின கட்டுரை இந்த வழக்கத்தை உடைச்சது. பூக்காரம்மா முழமும் என் முழமும் நூத்துக்கு நூறு ஒட்டுறவோட இருக்கும். பத்து முழம் ரெண்டு பேருக்கும் ஒரு முழத்தைவிடப் பத்து மடங்குதான். அதுக்காக ரெண்டு முழமும் ஒண்ணாயிடுமா? ஒட்டுறவு வேற, ஒத்துப்போறது வேற. ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடு, அது எந்த எல்லைக்குள் விழுதுன்னு பார், அந்த எல்லை நோயாளிக்குத் தாங்குமான்னு கேள். அவங்க சொன்னது இவ்வளவுதான். இன்னிக்குக் கார்னியா அளக்கும் கருவிகளை ஒப்பிடுற ஆய்வுகளில் அந்தப் புள்ளி வரைபடம் வழக்கமாயிடுச்சு. பெரும்பாலும் அவை சொல்றதும் ஒண்ணுதான்: ஒவ்வொரு கருவியும் தன்னளவில் ஒழுங்கு, ஆனா ஒண்ணோட எண்ணை இன்னொண்ணுக்குப் பதிலா வைக்காதே.

அதனால கண்ணாடி போட்ட மக்களே, தடிமன் அளந்தா எண்ணோட மெஷின் பேரும் தேதியும் சேர்த்து எழுதி வாங்கிக்குங்க. அடுத்த வருஷம் 15 மைக்ரான் குறைஞ்சிருந்தா, கண் மாறிச்சா மெஷின் மாறிச்சான்னு முதலில் கேளுங்க. லேசிக் பண்ணினவங்க பழைய அளவைத் தூக்கிப் போடாதீங்க. பிற்காலத்தில் எந்தக் கண் டாக்டர் அழுத்தம் பார்த்தாலும், "நான் லேசிக் பண்ணியிருக்கேன்"னு கேட்காமலே சொல்லிடுங்க. சீவி மெலிஞ்ச கார்னியாவில் அழுத்தம் குறைச்சலாத்தான் காட்டும். அதை நார்மல்னு நம்பிடுற ஆபத்து, இன்னிக்கும் இருக்கு.